இரண்டாம் உலையின் குறிப்பேடுகள்

சிங்யென் சிமெண்ட் ஆலைக் குடியிருப்பு, ஹூபெய்
2014 நவம்பர் 9

தாகுய்க்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நலம் விசாரித்துத் தொடங்கினால் அதோடு மடித்து வைத்துவிடுவாய் என்று தோன்றியது. தொலைபேசியில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். ஆகவே வேலை விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன்.

புகைச் சீட்டு தீர்ந்து இரண்டாம் உலை நின்றபின் கிளிங்கர் போதவில்லை. சென்ற மாதத்திலிருந்து வெளியிலிருந்து வாங்குகிறார்கள். யாங்சி ஆற்றில் சரக்குத் தோணியில் வருகிறது. சரக்கோடு வந்த தாளில் ஜியாங்ஷி மாகாணத்து ஆலையின் பெயரைப் பார்த்தேன். நீ இப்போது இருக்கும் ஆலை. நீங்கள் கிளிங்கர்க் கட்டிகளைச் சுட்டு அனுப்புகிறீர்கள், நாங்கள் அரைத்துச் சிமெண்டாக்கிச் சாக்கில் போடுகிறோம்.

மாதிரிப் பைகள் என் மேசைக்கு வருகின்றன, ஷிஃப்டுக்கு ஒன்று. தனிச் சுண்ணாம்பு, அதாவது உலையில் வேகாமல் மிஞ்சிய சுண்ணாம்பு, நூற்றுக்கு ஒன்றரைக்குள் இருக்கவேண்டும். முதல் ஷிஃப்டில் 2.3. மூன்றாவதில் 2.6. இரண்டாவதில் மட்டும் 0.9. பையில் பெயர் எதுவும் இல்லை. ஆனால் பதினேழு ஆண்டுகள் நீ சுட்ட கிளிங்கரைச் சோதித்தவன் நான். அந்த 0.9 யாருடையது என்று எனக்குத் தெரியும்.

சென்ற வியாழக்கிழமைப் பையில் இரண்டாம் ஷிஃப்டு 2.4 காட்டியது. வெள்ளிக்கிழமையும் அதே. சனிக்கிழமை மறுபடி 0.9. இரண்டு நாள் நீ உலை முன் நிற்கவில்லை என்று நினைக்கிறேன். என் கணிப்பு தவறாகவும் இருக்கலாம். உடம்பு சரியில்லையா?

உன் மனைவி அச்சென் ஆலை வாயிலில் நூடுல்ஸ் கடையைத் திறந்துதான் வைத்திருக்கிறாள். முன்பு காலையில் இரண்டு பானை கொதிக்கும். இப்போது ஒன்று.

பெங் ஷுயான்

*

ஜியாங்ஷி
2014 நவம்பர் 23

அத்தானுக்கு,

எனக்கு எழுத வராது. பேசுற மாதிரியே எழுதுறேன், திருத்திப் படிச்சுக்கோங்க.

பல் வலி. கடைவாய்ப் பல் ரெண்டு பிடுங்கினாங்க. சுண்ணாம்பப் பாத்துப் பல் வலியக் கண்டுபிடிச்ச ஒரே ஆள் இந்த நாட்டுலயே நீங்கதான். ஆலையில உங்களுக்கு ‘அரைக்கிராம்’னு பேர் வச்சது சும்மா இல்ல.

இங்க கொட்டகையில எட்டுப் பேர். என்னப் பாத்தா சிரிக்கிறானுங்க. “வாய்யா ஹூபெய்க்காரா, உங்க ஊர்ல புகைக்கே ரேஷன் கார்டாமே?”ங்கிறான் ஒருத்தன். “பொண்டாட்டி அடுப்புப் பத்த வைக்கணும்னா வூஹான்ல போய்க் கையெழுத்து வாங்கணுமா?”ங்கிறான் இன்னொருத்தன். ஆமாடா, உன் சுருட்டுக்கும் சீட்டு வாங்கணும்னு சொன்னேன். வேற என்ன சொல்றது?

இங்க உலை பழசு. நம்ம இரண்டாம் உலைய விட நிலக்கரி கூடத்தான் தின்னுது. புகையும் கூட. ஆனா இந்த மாகாணத்துல புகைச் சீட்டு கிடையாது, கேக்க ஆள் கிடையாது. நம்ம ஊர்ல நல்ல உலைய அணைச்சிட்டு இங்க கெட்ட உலைய ஊதுறோம். படிச்சவர் நீங்க, இதுல என்ன நியாயம்னு சொல்லுங்க.

இன்னொண்ணும் சொல்லுங்க. ஆத்துக்கு மேல்கரையில இருக்குற அந்த ஆலை, கரிய அள்ளி அள்ளிக் கொட்டுற ஆலை, அவனுக்குச் சீட்டு மிச்சமாம், விக்கிறானாம். நமக்கு மட்டும் எப்படிப் பத்தாமப் போச்சு? ஜூன்ல கேண்டீன்ல எல்லார் முன்னாடியும் கேட்டேன். நீங்க தட்டையே பாத்துக்கிட்டு இருந்தீங்க.

தாகுய்

*

சிங்யென்
2014 டிசம்பர் 7

தாகுய்க்கு,

அன்று கேண்டீனில் பதில் சொல்லியிருக்கவேண்டும். பதில் தெரிந்திருந்தது. இரண்டாம் உலையில் வேலை இழந்த நாற்பத்து மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது எழுதுகிறேன். 2009 முதல் 2011 வரை ஒவ்வோர் ஆலையும் எவ்வளவு புகை விட்டதோ, அதை வைத்துத்தான் ஆண்டுக்கு இத்தனை சீட்டு என்று மாகாணம் இலவசமாகக் கொடுத்தது. அன்று அதிகம் விட்டவனுக்கு இன்று அதிகம். குறைவாக விட்டவனுக்குக் குறைவு. மிஞ்சினால் விற்கலாம், போதாவிட்டால் வாங்கவேண்டும்.

புகையை யாரும் தராசில் நிறுக்க முடியாது. எரித்த நிலக்கரியையும் அதில் உள்ள கரியின் அளவையும் வைத்துக் கணக்கிடுவார்கள். நிலக்கரியைச் சோதித்த ஆலைக்கு அதன் சொந்த எண். சோதிக்காத ஆலைக்கு அரசாங்கம் ஒரு பொது எண்ணைப் போடும். அந்தப் பொது எண் உண்மையைவிட அதிகம். மேல்கரை ஆலை அப்போது ஒரு நாளும் சோதித்ததில்லை; இப்போது சோதிக்கிறது, ஆகவே சீட்டு மிஞ்சுகிறது. நாம் தினமும் சோதித்தோம். நான் அதை வற்புறுத்தினேன். சோதனைக்கூடத்தில் உன் அக்கா சூஃபென் ஒவ்வொரு நாளும் எடைபோட்டு எழுதினாள்.

அந்த மூன்று ஆண்டுகள் நாம் சோம்பேறிகளாக இருந்திருந்தால் இரண்டாம் உலை இன்று எரிந்துகொண்டிருக்கும். கேண்டீனில் நான் சொல்லாதது இதுதான்.

இன்னொரு செய்தி. மேலாளர் ஹு நேற்று என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டுத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அதிலேயே எனக்குப் பயம் வந்துவிட்டது.

“பெங் ஐயா, பழைய கணக்கத் திருத்தித் தரச் சொல்லி மனு போட்டிருக்கோம். வூஹான்லேருந்து சரிபாக்குறவங்க வருவாங்க. சூஃபென் அம்மா எழுதின மூல நோட்டைக் கேப்பாங்க.”

“இருக்கிறது. என் வீட்டில் பெட்டியில்.”

“நான் அதக் கேக்கல ஐயா. மூல நோட்டு இல்லைன்னா சோதனையே நடக்கலைன்னு எடுத்துக்குவாங்க. பொது எண்ணைப் போடுவாங்க. சீட்டு கூடும். இரண்டாம் உலைய நாளைக்கே பத்த வைக்கலாம். பழைய கட்டடத்துல மழைத்தண்ணி ஒழுகும், காகிதம் கெட்டுப்போகும், உலகத்துல நடக்காததா?”

எழுந்து வந்துவிட்டேன். தேநீரைக் குடிக்காமல் வந்ததற்காக வழியெல்லாம் வருந்தினேன்.

பெங்

*

ஜியாங்ஷி
2014 டிசம்பர் 20

அத்தான்,

ரெண்டு தடவ படிச்சேன். மொதல் தடவ கோவம் வந்துச்சு. ரெண்டாவது தடவ அதுவும் வரல.

ஒரு வார்த்த அத்தான். ‘இல்ல’ன்னு ஒரு வார்த்த. யாரையும் கொல்லச் சொல்லல. மேல்கரைக்காரன் சோதிக்கவே இல்ல, அவனுக்குப் பரிசு. நீங்க சோதிச்சீங்க, உங்களுக்கு அடி. பொய் சொல்லிச் சமமாக்குறதுல என்ன பாவம்?

நாப்பத்து மூணு பேர்ல எத்தன பேர் ஊர்ல இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா? பதினோரு பேர். மத்தவன் எல்லாம் குவாங்தோங், ஷென்ஜென்னு போயிட்டான். நான் ஒருத்தன்தான் உலை வேலையே செய்றேன். அச்சென் போன்ல, “கடைக்கு ஆளே வரல, நானே போட்டு நானே திங்கிறேன்”னு சிரிக்கிறா. அவ சிரிச்சா எனக்குப் பயம்.

இரண்டாம் உலை பத்திக்கிச்சுன்னா மறுநாளே மூட்டையக் கட்டிருவேன். என் நீலக் கண்ணாடி உறைக்குள்ளதான் இருக்கு. இங்க எல்லாருக்கும் குடுக்குற பிளாஸ்டிக் கண்ணாடியப் போட்டுத்தான் தீயப் பாக்குறேன். அத எடுக்கல. நம்ம உலைக்குன்னு வச்சிருக்கேன்.

அக்கா இருந்தா எரிச்சிருப்பா. அவளுக்கு நோட்டு பெருசில்ல.

தாகுய்

*

சிங்யென்
2015 ஜனவரி 11

தாகுய்க்கு,

உன் அக்காவின் குறிப்பேடுகள் மூன்றையும் இருபது நாட்கள் உட்கார்ந்து சரிபார்த்தேன். ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து நாட்கள். ஈரப்பதம், சாம்பல், கரி அளவு, எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட்டேன். எங்காவது ஒரு பிழை கிடைத்துவிட்டால், அதைக் காட்டி நேர்மையாகவே எண்ணைத் திருத்தச் சொல்லலாம் என்று ஒரு நப்பாசை.

ஒரு பிழைகூட இல்லை. திருமணமாகி முப்பத்தாறு ஆண்டுகளில் முதல் முறையாக அவள்மேல் கோபம் வந்தது. அவள் போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

‘இல்லை’ என்று சொல்லிப் பழகிப் பார்த்தேன். கண்ணாடி முன் நின்று. பெட்டி எனக்குப் பின்னால் கட்டிலடியில் இருந்தது. காது சிவந்துவிடுகிறது. அறுபத்தெட்டு வயதில் ஒரு மனிதனுக்குக் காது சிவக்கிறது, பார்த்துக்கொள். சரிபார்க்க வருபவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எரிக்கவும் முடியவில்லை. சமையலறை அடுப்பருகே ஒரு முறை எடுத்துப்போனேன். பிறகு அடுப்பைத் துடைத்துவிட்டு வந்தேன்.

ஆகவே ஒரு வழி செய்திருக்கிறேன். அது கோழையின் வழி என்று தெரியும். வழக்கமாக வரும் கிளிங்கர்த் தோணியின் மாலுமியிடம் ஒரு பெட்டி கொடுத்தனுப்பியிருக்கிறேன். மேலே தாமரைக்கிழங்கு வைத்திருக்கிறேன், அடியில் நோட்டுகள். அவை மாகாண எல்லையைத் தாண்டிவிட்டால், ‘நோட்டுகள் எங்களிடம் இல்லை’ என்று என்னால் சொல்லமுடியும். அந்த வாக்கியம் உண்மையாக இருக்கும்.

அதற்குப் பிறகு என்ன செய்வதென்று நீ முடிவுசெய். நெருப்போடு பழகியவன் நீ.

கிழங்கை எலும்போடு வேகவை. அதிக நேரம் வேண்டும்.

பெங்

*

ஜியாங்ஷி
2015 ஜனவரி 25

அத்தான்,

பொட்டி வந்துச்சு.

நல்லாருக்கு உங்க யோசனை. உலைய இந்தப் பக்கம் தள்ளிட்டு ‘எங்க ஊர்ல புகை கொறஞ்சிருச்சு’ன்னு எழுதிக்கிட்டாங்க. நீங்க நோட்ட இந்தப் பக்கம் தள்ளிட்டு ‘எங்ககிட்ட இல்ல’ன்னு சொல்லப் போறீங்க. அந்தச் சட்டத்தை எழுதினவன் உங்ககிட்டதான் படிச்சிருக்கணும்.

சரி, பாத்துக்கறேன். நீங்க தைரியமா சொல்லுங்க.

கிழங்கு வேகவே இல்ல. கொட்டகையில இருக்குற அடுப்பு அப்படி. எட்டுப் பேரும் கடிச்சுத் தின்னோம்.

தாகுய்

*

சிங்யென்
2015 மார்ச் 8

தாகுய்க்கு,

முடிந்தது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

வூஹானிலிருந்து ஒரு பெண் வந்தாள், பெயர் தியென். முப்பது வயதிருக்கும். மேலாளர் ஹு ஏற்பாடு செய்திருந்த மதிய விருந்துக்குப் போகவில்லை. வாயிலில் அச்சென் கடையில் நின்றுகொண்டே எள்விழுது நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு நேராகச் சோதனைக்கூடத்துக்கு வந்தாள். தராசின் மேல் விரலை வைத்துத் தூசி பார்த்தாள். தூசி இல்லை.

“ஐயா, 2009லேருந்து இந்தத் தராசு நீங்கதான் பாத்துக்கிறீங்களா?”

“ஆமாம்.”

“ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்க. அந்த மூணு வருஷத்து மூல நோட்டுகள் இருக்கா?”

“எங்களிடம் இல்லை.”

காது சிவக்கவில்லை. எனக்கே ஆச்சரியம். உள்ளே ஒன்றுமே நடக்கவில்லை, தாகுய். பல்லுக்கு மரப்பு ஊசி போட்டால் கன்னம் இருக்கும், ஆனால் யாருடைய கன்னமோ போல இருக்குமே, அப்படி.

அவள் அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். “இவ்வளவு ஒழுங்கா இருக்கிற கூடத்துல நோட்டு மட்டும் இல்லாமப் போச்சா?”

மேலாளர் ஹு குறுக்கே வந்து, “மழை, மேடம். 2012ல பெரிய மழை” என்றார்.

“நான் ஐயாவத்தான் கேட்டேன்” என்றாள் அவள். நான் மறுபடி, “எங்களிடம் இல்லை” என்றேன். அதே இரண்டு சொல், அதே குரல். அவள் குறித்துக்கொண்டாள். பொது எண் போடப்படும்.

புத்தாண்டுக்கும் நீ வரவில்லை. இனி வந்துவிடுவாய். உலையின் உட்சுவரில் உள்கல் மாற்ற இரண்டு மாதமாவது ஆகும். மே மாதக் கடைசி என்று கணக்கிடுகிறேன்.

பெங்

*

ஜியாங்ஷி
2015 மார்ச் 22

அத்தான்,

கொட்டகையில சொல்லிட்டேன். “ஹூபெய்க்காரன் திரும்பிப் போறான், அவனுக்கு ரேஷன் கூட்டிட்டாங்க”ன்னு ஒரே கூத்து. சுருட்டுக்குச் சீட்டு கேட்டவன், எனக்கும் அங்க வேலை கிடைக்குமான்னு கேக்குறான். உன் உலையில 2.6 வருது, எங்க அத்தான் உன்ன வாசல்லயே நிறுத்திருவார்னு சொன்னேன்.

குவாங்தோங்ல இருக்குற நம்ம பசங்க ஏழு பேருக்குப் போன் போட்டேன். நாலு பேர் வர்றேன்னுட்டான்.

நீலக் கண்ணாடியத் தொடச்சு வச்சிருக்கேன். அச்சென் ரெண்டாவது பானையக் கழுவி வெயில்ல கவுத்திருக்காளாம்.

நல்லது செஞ்சீங்க. காது பத்தி யோசிக்காதீங்க.

தாகுய்

*

சிங்யென்
2015 ஜூன் 14

தாகுய்க்கு,

எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. வேலை விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கூடுதல் சீட்டுகள் ஏப்ரலில் வந்தன. மே மாதம் முழுதும் காத்திருந்தேன். உள்கல் வரவில்லை, ஆள் கூப்பிடவில்லை. ஜூன் மூன்றாம் தேதி மேலாளர் ஹுவின் அறைக்குப் போனேன். கூப்பிடாமல் நானாகப் போனது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

“இரண்டாம் உலை எப்போது?” என்று கேட்டேன்.

“உக்காருங்க ஐயா. எந்த உலை? ஓ, அதுவா. சிமெண்ட் எங்கே போகுது இப்ப? பாதிக் கட்டடம் அப்படியே நிக்குது. சுட்டு யாருக்கு விக்க? தலைமையகம் அந்தச் சீட்ட வித்துட்டாங்க. உலையப் பத்த வைக்கிறதவிட அதுல லாபம். கிளிங்கர்தான் அக்கரையிலேருந்து சல்லிசா வருதே.”

“நாளைக்கே பற்ற வைக்கலாம் என்றீர்களே.”

“பத்த வைக்கலாம்னுதான் சொன்னேன். வைப்போம்னு சொன்னேனா?”

தேநீர் ஊற்றவில்லை.

இந்த வாரம் இரண்டாம் உலையை அறுக்கத் தொடங்கிவிட்டார்கள். பழைய இரும்புக்குப் போகிறது. சோதனைக்கூடத்து ஜன்னலிலிருந்து தெரிகிறது. மாதிரிகளை நிறுக்கும்போது அறுக்கும் அதிர்வில் தராசு நிலைக்கமாட்டேன் என்கிறது. இடைவேளையில் அவர்கள் தேநீர் குடிக்கப் போகும்போது மட்டும் நிறுக்கிறேன்.

அச்சென் நேற்றுக் கடையைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தாள். “அண்ணா, ரெண்டு பானையையும் எடுத்துக்கிட்டுப் போறேன். அங்க எட்டுப் பேராவது இருக்கானுங்க, திங்கிறதுக்கு” என்றாள். அழவில்லை. நானும் அழவில்லை. பேருந்து வரும்வரை இருவரும் நின்றோம். இந்தக் கடிதத்துக்கு முன்பே உன்னிடம் வந்து சேர்ந்திருப்பாள்.

நான் பொய் சொன்னேன். அதனால் ஒருவன்கூடத் திரும்பி வரவில்லை. இதற்கு என்ன உணர்வது என்று தெரியவில்லை. நோட்டுகளும் இல்லை. கேட்க உரிமை இல்லை, ஆனாலும் கேட்கிறேன்: எரித்தபோது சீக்கிரம் எரிந்ததா?

பெங்

*

ஜியாங்ஷி
2015 ஜூன் 28

அத்தான்,

எரிக்கல.

ஜனவரியில, பொட்டி வந்த மறுநாளே உலைக்கு எடுத்துட்டுப் போனேன். எட்டிப் பாக்குற துவாரத்துல ஒண்ணொண்ணாத் தள்ளிரலாம்னு. உள்ள ஆயிரத்து நானூறு டிகிரி, கண் சிமிட்டறதுக்குள்ள ஒண்ணுமில்லாமப் போயிரும். மொத நோட்டப் பிரிச்சேன். சும்மா, அக்கா கையெழுத்து எப்படியிருந்துச்சுன்னு பாக்க.

நீங்க இருபது நாள் உக்காந்து சரிபாத்தேன்னீங்களே, ஒவ்வொரு பக்கத்துலயும் ஓரத்துல இருக்குற கடைசிப் பத்தியப் படிச்சீங்களா? ‘குறிப்பு’ன்னு போட்டிருக்கே, அது. படிச்சிருக்க மாட்டீங்க. அதுலதான் எண் இல்லையே.

எழுதுறேன், பாருங்க.

‘2009 டிசம்பர் 2. ஈர நிலக்கரி. தாகுய் திட்டினான். நான் அனுப்பியதல்ல என்றேன். அதற்கும் திட்டினான்.’

‘2010 மார்ச் 19. தாகுய் காலையில் சாப்பிடாமல் ஷிஃப்டுக்கு வந்தான். என் ரொட்டியைக் கொடுத்தேன். நிலக்கரி மாதிரி வழக்கம்போல.’

‘2010 ஆகஸ்ட் 30. அவர் மறுபடி எடை போடச் சொன்னார். போட்டேன். அதே. இன்னொரு முறை என்றார். அதே. இவரைக் கட்டிக்கொண்டது நானாகத்தான்.’

‘2011 அக்டோபர் 11. தலை சுற்றியது. உட்கார்ந்து நிறுத்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் என்னையும் மறு எடை போடுவார்.’

ரெண்டாம் உலை ஓடின நாள் ஒவ்வொண்ணுலயும் நான் இருக்கேன் அத்தான். இல்லேன்னா நீங்க இருக்கீங்க. இத எப்படி எரிக்க? துவாரத்த மூடிட்டு வந்துட்டேன். உங்ககிட்ட ‘பாத்துக்கறேன்’னு எழுதுனேன். பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

அக்காவுக்கு நோட்டு பெருசில்லைன்னு எழுதினேன்ல, தப்பு.

அச்சென் வந்துட்டா. கொட்டகைக்கு வெளியில பானை வச்சிருக்கா. சுருட்டுக்காரன் மூணு கிண்ணம் தின்னுட்டு, “அக்கா, இதுக்கும் சீட்டு உண்டா?”ங்கிறான். “உண்டு, உனக்கு மட்டும் தீந்துபோச்சு”ன்னா.

பொட்டிய மாலுமிகிட்ட திரும்பக் குடுத்திருக்கேன். என்ன செய்யணும்னு நான் சொல்லமாட்டேன். போன தடவ நான்தான் சொன்னேன்.

தாகுய்

*

சிங்யென்
2015 ஜூலை 12

தாகுய்க்கு,

பெட்டி பத்திரமாக வந்தது. கடைசிப் பத்தியை மூன்று நாட்கள் படித்தேன். 2011 அக்டோபர் 11 பக்கத்தைப் பலமுறை. அன்று ஈரப்பதம் 8.2. அந்த எண்ணை ஜனவரியில் சரிபார்த்து டிக் போட்டிருக்கிறேன். பக்கத்திலேயே அவள் தலை சுற்றியது என்று எழுதியிருக்கிறாள்.

பிறகு நோட்டுகளை எடுத்துக்கொண்டு வூஹானுக்குப் பேருந்தில் போனேன். நான்கு மணி நேரம். தியென் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். மூன்றையும் மேசைமேல் வைத்தேன்.

“ஐயா, இது எங்கே இருந்துச்சு?”

“ஜியாங்ஷியில்.”

அவள் நீண்ட நேரம் புரட்டினாள். கடைசிப் பத்தியையும் படித்தாள், கவனித்தேன். ஓரிடத்தில் சிரித்துவிட்டாள். பிறகு, “அப்போ அன்னிக்கு நீங்க ‘எங்களிடம் இல்லை’ன்னு சொன்னது பொய் இல்ல. அப்படித்தானே ஐயா?” என்றாள். எனக்கு ஒரு வழியைத் திறந்து வைத்தாள் என்று நினைக்கிறேன். நல்ல பெண்.

“பொய்தான்” என்றேன்.

அப்போது காது சிவந்தது.

கூடுதல் சீட்டுகளை ஆலை திருப்பிக் கொடுக்கவேண்டும். விற்றுவிட்டதால் வாங்கிக் கொடுக்கவேண்டும். இதனால் இரண்டாம் உலை திரும்பி வராது. அறுத்து முடித்துவிட்டார்கள், அடித்தளத்து போல்ட்டுகள் மட்டும் நிற்கின்றன. நாற்பத்து மூன்று பேரில் யாருக்கும் இதனால் நன்மை இல்லை. ஒருவேளை முதல் உலைக்காரர்களுக்குக் கெடுதல் வரலாம். அதையும் யோசித்தேன். நான் செய்தது சரி என்று உன்னிடம் சொல்லமாட்டேன், எனக்கே தெரியாது. அவள் எடைபோட்டாள்; போடவில்லை என்று சொல்லிவிட்டேன். அதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான் எனக்கு நிச்சயம்.

நோட்டுகளை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். வேலை முடிந்ததும் திருப்பித் தருவதாக ரசீது கொடுத்திருக்கிறாள்.

மேலாளர் ஹு நேற்று என்னை அனுப்பிவிட்டார். திட்டவில்லை. “ஓய்வெடுங்க ஐயா” என்றார். தராசை மூடி, சாவியைக் கொடுத்து, கையெழுத்திட்டு வந்தேன்.

இதில் ஒன்றுதான் சிக்கல். கடந்த ஒன்பது மாதங்களாக உன் ஷிஃப்டுப் பையைத் தினமும் நானே சோதித்துவந்தேன். 0.9 என்றால் நீ நின்றுகொண்டிருக்கிறாய் என்று அர்த்தம். இனி எனக்கு அந்தப் பைகள் வராது. நீ இருக்கிறாயா என்பதை இனி நீயேதான் எழுதவேண்டும்.

பெங் ஷுயான்

*

ஜியாங்ஷி
2015 ஜூலை 26

அத்தான்,

மாலுமிகிட்ட ஒரு பொட்டலம் குடுத்திருக்கேன். தின்னுறாதீங்க, கிளிங்கர். இன்னிக்குச் சுட்டது, என் ஷிஃப்டு. ஆறின பெறகு ஒரு கைப்பிடி அள்ளினேன். மாசத்துக்கு ஒண்ணு அனுப்புறேன்.

உங்ககிட்ட இப்ப தராசு இல்ல, மருந்து இல்ல. வேணாம். உள்ளங்கையில வச்சு மூடிப் பாருங்க. கருப்பா, கனமா இருந்தா நான்.

நீலக் கண்ணாடிய எடுத்துப் போட்டுக்கிட்டேன்.

தாகுய்